போனைப் பிடுங்குவதா, பூட்டுவதா, ஹாஸ்டலில் விடுவதா?

பள்ளி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "தம்பி, இவன் போனைப் புடுங்கிரவாடா?" என்றுதான் ஆரம்பித்தாள். மருமகன் இந்த வருடம் பிளஸ் டூ. முந்தின இரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள், அவன் போர்வைக்குள் நீல வெளிச்சம் தெரிவதைப் பார்த்திருக்கிறாள். அத்தானுக்கு வேறு யோசனை. அவன் படிக்கிற பள்ளிக்கே ஹாஸ்டல் இருக்கிறது, தினமும் வந்துபோகிறவனை அங்கே மாற்றிவிட்டால் மார்ச் வரை கவலை இல்லை என்கிறார். மருமகன் பின்னாலிருந்து கத்துகிறான்: "மாமா, நானே டைமர் போட்டுக்கிறேன்னு சொல்லுங்க!"

நான் திண்டுக்கல்லில் பதினான்கு வருடமாகப் பிளஸ் டூ கணக்குக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் ஏழெட்டுப் பெற்றோர் மாடிப்படியில் என்னை நிறுத்திவைத்து இதே கேள்வியைக் கேட்பார்கள். "கொஞ்சம் கண்டிச்சு வைங்க சார்" என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவேன். சொந்த அக்கா கேட்கும்போது அப்படித் தப்பிக்க முடியவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன். நான் பார்த்த வீடுகளையும் படித்த நாலைந்து விஷயங்களையும் வைத்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன் எதை வைத்து அளப்பது என்று ஒரு கேள்வி இருக்கிறது. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறான்" என்பதுதான் எல்லோரும் எடுக்கிற அளவுகோல். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், போன வருடம் ஒரு சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்கு மொட்டை மாடி வகுப்பில் பகுதித் தொகையிடல் கணக்குகள் கொடுத்திருந்தேன். ஒரே கணக்கில் இரண்டு தடவை அடுத்தடுத்துத் தொகையிட வேண்டிய ரகம். மூன்றாவது வரிசையில் ஒரு பையன், தொடைக்கடியில் போன். பிடுங்காமல் சும்மா எண்ணிப் பார்ப்போம் என்று தோன்றியது. நாற்பது நிமிடத்தில் பதினோரு தடவை எடுத்தான். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் இருந்தால் அதிகம். மற்றவர்கள் நாலு கணக்கு முடித்திருந்தபோது அவன் நோட்டில் ஒன்றரை இருந்தது. முடித்த ஒன்றிலும் விடை தப்பு. இரண்டாவது தடவை தொகையிடும் வரியில், அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்க வேண்டிய கழித்தல் குறியைக் காணோம். அந்த வரியைப் பாதி எழுதி, விட்டு, மறுபடி தொடங்கியிருந்தான் என்பது நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. குறி விழுந்துபோனது அந்த இடைவெளியில்தான். கூப்பிட்டுக் கேட்டேன். "மொத்தமே அஞ்சு நிமிஷம்தான் சார் பாத்திருப்பேன்" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை.

யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, ஒரு தடவை கவனம் சிதறிய மாணவர் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று ஒரு ஆய்வைச் சுட்டிச் சொல்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் நடந்த சோதனை இன்னும் ஒரு படி போனது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தவர்கள், பையில் வைத்தவர்கள், அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். அடுத்த அறையில் விட்டவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதினோரு தடவை எடுத்த பையனைப் பார்த்த எனக்கு அதை நம்பச் சிரமமாக இல்லை.

அதனால் ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். புத்தகம் திறந்திருக்கும் நேரத்தில் போன் எங்கே இருக்கிறது? இந்த ஏற்பாட்டை மார்ச் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற வேலை யார் தலையில் விழுகிறது?

இந்தப் பிள்ளைகளின் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூபில் ஷார்ட்ஸ். அதே மாதங்களில்தான் ஆன்லைன் கிளாஸ் என்று சொல்லி, அதுவரை போனைத் தொட்டால் அடித்துக்கொண்டிருந்த நாமே பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்தோம். மருமகன் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளி திறந்த பிறகும் போன் திரும்பி வரவில்லை. போதாக்குறைக்குப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டார்கள், போன வருடம் முழுக்க அவனுக்குப் பயம் என்று ஒன்றும் இல்லாமல் ஓடியது. ஆறு வருடப் பழக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிடுங்கி எறிவதைப் பற்றித்தான் அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

சரி, முதல் வழி பட்டன் போன். ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது கவனம், பட்டன் போனிலேயே யூடியூப் ஓடுகிற ரகமும் கடையில் இருக்கிறது. என் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது: ஸ்மார்ட்போனே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப் என்று ஒன்று இல்லாத பள்ளி இப்போது ஏது? வீட்டுப்பாடம், மாதிரி வினாத்தாள், நாளைக்கு லீவா இல்லையா என்பது வரை எல்லாம் அதில்தான். அந்தக் குரூப்பை அம்மா போனில் சேர்த்துவிட்டால் அம்மா போன் பையன் போனாகிவிடும். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடந்தது. "அம்மா, பிசிக்ஸ் பிடிஎப் பாத்துட்டு தரேன்" என்று வாங்குகிற போன் ஒன்றரை மணி நேரம் கழித்துச் சூடாகத் திரும்பி வரும்.

வெளியேயும் கசியும். டியூஷன் விட்டதும் என் வீட்டு வாசலில் ஒரு பைக்கின் மேல் ஒரு போன், அதைச் சுற்றி நாலு தலை. நாலில் மூன்று பேர் வீட்டில் போன் பிடுங்கப்பட்டவர்கள். இருந்தாலும் பழுதில்லை என்பேன். தெருவில் நின்று பார்க்கிற பத்து நிமிடம், கணக்குக்கு நடுவில் பார்க்கிற அரை நிமிடத்தைப் போல எதையும் அறுத்துவிடுவதில்லை.

பிடுங்குகிற விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பையன்களிடம் போனைப் பிடுங்கும்போது சொல்கிற காரணமும் உண்மைக் காரணமும் ஒன்றாகவே இருக்கும். பெண் பிள்ளைகளிடம் பிடுங்கும்போது "படிப்பு கெடுது" என்று வாய் சொல்லும், மனதில் ஓடுகிற பயம் வேறு. பிள்ளைகளின் கல்வி நிலையை ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கிற அசர் அமைப்பு 2023-இல் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் எடுத்த கணக்கில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேருக்குச் சொந்த போன் இருந்தது, பெண் பிள்ளைகளில் 19.8 சதவீதம் பேருக்குத்தான். அந்தப் பயத்துக்காகப் பிடுங்கினால் மார்க் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண், வீட்டில் போனைப் பிடுங்கியதும் தோழி கொடுத்த பழைய போனை ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினாள். அதை ஒளிக்கிற பதற்றத்திலேயே பாதிப் படிப்பு போனது.

இரண்டாவது, மருமகன் சொன்ன டைமர். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று 2018-இல் இருந்து இருக்கிறது. இன்ஸ்டாகிராமுக்கு அரை மணி என்று வைத்தால், அரை மணி ஆனதும் அந்த ஆப் படம் சாம்பல் நிறமாகிவிடும், திறக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டைமரை வைத்தவனே அதை எடுக்கவும் முடியும், பத்து வினாடி வேலை. அப்புறம் அந்தக் கணக்கு நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புதிதாகத் தொடங்கும். அக்கா தண்ணீர் குடிக்க எழுந்தது ஒன்றரைக்கு. நான் வேறென்ன சொல்ல?

இன்ஸ்டாகிராமே 2025 பிப்ரவரியில் இந்தியாவில் டீன் அக்கவுண்ட் கொண்டுவந்தது. இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிபிகேஷன் வராது, நாளுக்கு ஒரு மணி நேரம் ஆனால் "போதும், வெளியே போ" என்று நினைவூட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்பது 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. பிளஸ் டூ பையனுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடக்கும், அவனே மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கட்டுப்பாடு வருவதே கணக்குத் தொடங்கும்போது சரியான பிறந்த வருடத்தைப் போட்டிருந்தால்தான். ஆறாம் வகுப்பில் தொடங்கியவன் எந்த வருடத்தைப் போட்டிருப்பான் என்று உங்களுக்கே தெரியும். கூகுளின் ஃபேமிலி லிங்க்கில் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே நேரம் குறைக்கலாம், இரவில் பூட்டலாம். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் அம்மா போனுக்குப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததே பையன்தான். சிறையின் சாவியைக் கைதியிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலைமை.

டைமரை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. அமைப்புகளில் ஒன்றே ஒன்று உண்மையில் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்: அழைப்பைத் தவிர எல்லா நோட்டிபிகேஷனையும் அணைத்துவிடுவது. போன் கூப்பிடுவதாவது நிற்கும். பையன் போனை நினைப்பது நிற்காது.

"ஆஸ்திரேலியா மாதிரி இங்கயும் சட்டம் போட்டுட்டா நல்லாருக்கும்ல?" என்று அக்கா இடையில் கேட்டாள். அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைக்கக் கூடாது. மீறினால் அபராதம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கிடையாது, கம்பெனிக்குத்தான். பெரிய விஷயம்தான், ஆனால் மருமகன் வயதுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. வாட்ஸ்ஆப்பும் அதில் இல்லை.

மூன்றாவது ஹாஸ்டல். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பள்ளிகளால் தமிழ்நாடு முழுக்கப் பரவிய முறை இது. காலை ஐந்து மணி ஸ்டடி, இரவு பத்து மணி ஸ்டடி, போன் உள்ளே வரக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை வார்டன் முன்னால் நின்று வீட்டுக்குப் பேசலாம். போன் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இதற்கும் முழு மார்க். சுமப்பது வார்டன், நமக்கு வேலை இல்லை. பணம் மட்டும்தான் நம்முடையது, அது லேசான தொகை இல்லை.

பத்தாம் வகுப்பு முடித்ததும் அப்படிப் போன, எனக்குத் தெரிந்த ஒரு பையன் நல்ல மார்க் வாங்கினான், ஊரே மெச்சியது. கல்லூரி சேர்ந்தபோது அப்பா முதல் வேலையாக நல்ல போன் வாங்கிக் கொடுத்தார். கல்லூரி ஹாஸ்டலில் வார்டன் பத்து மணிக்கு விளக்கைத்தான் அணைக்கச் சொல்வார். முதல் செமஸ்டரில் நாலு அரியர். அவனுக்கு மூளை குறைந்துவிடவில்லை. போன் பக்கத்தில் இருக்கும்போது படிப்பது எப்படி என்று அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் பழகவில்லை, அவ்வளவுதான். மருமகனுக்குச் சாப்பாடு வேறு ஒரு பிரச்சினை, அக்கா வைக்கிற ரசம் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அதை அத்தானிடம் ஒரு வாதமாக வைக்க முடியாது என்பதால் அரியர் கதையை மட்டும் சொன்னேன்.

வெளிநாட்டில் பள்ளிகளில் போனைத் தடை செய்து பார்த்த ஆய்வுகளைச் சிலர் இந்த இடத்தில் இழுப்பார்கள். இங்கிலாந்தில் நாலு நகரங்களில் 91 பள்ளிகளைப் பார்த்து 2015-இல் வந்த ஆய்வில், தடைக்குப் பிறகு மார்க் கொஞ்சம் ஏறியது. பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் அதிகம் ஏறியது, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு மாற்றமே இல்லை. ஸ்வீடனில் அதே மாதிரி பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. நம் ஊரில் பள்ளிக்குள் போன் எப்போதோ கூடாது. நம் சிக்கல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தொடங்குகிறது, அதனால் அந்த ஆய்வுகளை வைத்து நாம் பெரிதாக ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

நாலாவதாக, அவனே பார்த்துக்கொள்வான் என்று விடுவது. பிப்ரவரி பிறந்தால் பிள்ளைகள் தாங்களாகவே இன்ஸ்டாவை டீஆக்டிவேட் செய்வதைப் பார்க்கலாம். ஸ்நாப்சாட்டில் ஸ்ட்ரீக் என்று ஒன்று, நண்பனுக்குத் தினமும் படம் அனுப்பி வளர்க்கிற கணக்கு, ஒரு நாள் தவறினால் அறுந்துவிடும் என்பதால், பாஸ்வேர்டைப் பதினோராம் வகுப்பு தம்பியிடமோ தங்கையிடமோ ஒப்படைத்துவிட்டுப் படிக்கப் போவார்கள். ஊருக்குப் போகும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது மாதிரி. எனக்கு இதில் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். தனக்கு எது இடைஞ்சல் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் பிப்ரவரியில் தெரிந்து என்ன பயன், தேர்வு மார்ச்சில்.

"படிக்கத்தான் போன் வேணும்" என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அசர் 2024 அறிக்கையில் 14 முதல் 16 வயதுள்ள கிராமத்துப் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள். போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் 57 சதவீதம் பேர் அந்த வாரத்தில் படிப்புக்காக அதை எடுத்திருந்தார்கள், 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்காக. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே போனில். நீட் பாடம் ஓடுகிற யூடியூபின் ஓரத்திலேயேதான் ஷார்ட்ஸும் நிற்கிறது.

ஐந்தாவது வழியை நான் சொல்லத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு ஊர். 2022-இல் அந்த ஊர்ப் பஞ்சாயத்து ஒரு முடிவெடுத்தது. தினமும் இரவு ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் சங்கு ஊதும், ஊர் முழுக்க டிவியையும் போனையும் அணைத்துவிட வேண்டும். எட்டரைக்கு மறுபடி ஊதும், அப்புறம் உங்கள் இஷ்டம். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகப் பெரியவர்களும் அணைத்தார்கள், அதுதான் என்னைப் பிடித்த இடம். திண்டுக்கல்லில் சங்கு ஊத முடியாது. ஒரு வீட்டுக்குள் ஊதலாம்.

அக்காவுக்குச் சொன்னது இவ்வளவுதான். மருமகன் போன் அவனுடையதாகவே இருக்கட்டும். ஏழு மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் முறுக்கு வைக்கிற எவர்சில்வர் சம்படத்துக்குள் போய், சமையலறைப் பரணில் ஏறிவிடும். ஒன்பதரைக்கு இறங்கும். ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை அவன் என்ன வேண்டுமானாலும் பார்க்கட்டும், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பத்தேகாலுக்கு எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜில், படுக்கிற அறைக்குள் எதுவும் போகக் கூடாது. அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். யூடியூப் பாடம் பார்க்க வேண்டுமா, சாயங்காலம் ஐந்தரை முதல் ஆறரை வரை கூடத்து டிவியில். வகுப்புக் குரூப் அக்கா போனில் இருக்கட்டும், வினாத்தாள் வந்தால் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடலாம், பக்கத்துக்கு இரண்டு மூன்று ரூபாய்.

இதில் பூட்டும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. பரணில் ஏறி எடுக்க வேண்டும் என்ற ஒரு சின்னக் கூச்சம்தான் காவல். தொடைக்கடியில் இருக்கிற போனை எடுக்க மனதில் முடிவெடுக்க வேண்டியதே இல்லை, கை தானாகப் போகும். பரணில் இருப்பதை எடுக்க ஸ்டூல் போட வேண்டும், அதற்குள் அந்த வரி முடிந்துவிடும்.

எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. அம்மா அப்பா இரண்டு பேரும் மில்லில் ஷிப்ட் பார்க்கிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. ஏழு மணிக்குச் சம்படத்தை எடுக்க ஆளே இல்லை. அங்கே பட்டன் போன்தான் சரி, குரூப்புக்குப் பள்ளியில் யாராவது ஒரு நண்பனைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏற்கெனவே நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் போனில் கிடந்து, பிடுங்கினால் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளையாக இருந்தால் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மருமகன் அந்த ரகம் இல்லை. ஒன்றரை மணி வெளிச்சம் என்னவென்று தனியாகக் கேட்டேன், கொரியன் சீரியலாம்.

ஹாஸ்டல் பேச்சு நின்றது. சம்படம் ஏறி இன்றோடு பதினாறு நாள். நேற்று அக்கா மறுபடி போன் செய்தாள், மணி ஒன்பது நாற்பது. பையன் ஒரு நாள்தான் ஸ்டூல் போட்டானாம், அதுவும் பிராக்டிக்கல் தேதி பார்க்க. "இவரு மூணு நாள் ஏறிட்டாருடா, ஸ்கோர் பாக்கணுமாம். நேத்து ஸ்டூல் வழுக்கிருச்சு. பரணை விட்டுக் கொஞ்சம் கீழ வைக்கலாமான்னு கேக்கச் சொன்னாரு."